30 நிமிடத்தில் திருச்சியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில், யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தின் படத்துக்குக் கீழே, ‘300 கிலோமீற்றர், 30 நிமிடத்தில் திருச்சி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். இதே கணக்கை இரண்டு மாதங்களுக்கு முன்னரும் ஒரு செய்தியில் எழுதியிருந்தீர்கள். முதல் தடவை பேசாமல் விட்டேன். இரண்டாவது தடவையும் விட்டால் அது சரியான கணக்கு என்றே ஊரில் நிலைத்துவிடும். நான் நில அளவைத் திணைக்களத்தில் 31 வருடங்கள் படவரைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன். தூரத்தைத் தப்பாகச் சொன்னால் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் மனைவி இதை ஒரு வியாதி என்கிறாள்.

வியாதியாகவே இருக்கட்டும். ஆனால் உங்கள் முதற் செய்தியால் எங்கள் பக்கத்து வளவுப் பிள்ளைக்கு வந்த இடரைக் கேளுங்கள். தகப்பனை மதுரைக்குக் கண் சிகிச்சைக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. ரயிலில் இடம் நிரம்பிவிடும் என்று பயந்து, உங்கள் செய்தியைப் படித்த அன்றிரவே திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். விமான டிக்கெட் எடுத்தது அதன் பிறகுதான். மூன்று மணியளவில் பலாலியில் புறப்பட்டால் மூன்றரைக்குத் திருச்சியில் இருக்கலாம், நாலே முக்கால் ரயிலுக்கு நேரம் தாராளம் என்று அவள் போட்ட கணக்கில் பிழை இல்லை. நீங்கள் கொடுத்த எண்ணில்தான் பிழை. விமானம் தரையில் நின்றபோது நாலு மணி ஆகப் பத்து நிமிடம் இருந்தது. குடிவரவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஐந்து. கட்டுப்போட்ட கண்ணோடு தகப்பனை வாடகைக் காரில் இருத்தி இரவோடு இரவாக மதுரைக்குக் கொண்டுபோனாள். டிக்கெட் காசும் போய், கார்க் காசும் போனது.

இனித் தூரத்துக்கு வருவோம். பலாலி ஓடுபாதை வட அகலாங்கு 9.79 பாகையில், கிழக்கு நெட்டாங்கு 80.07 பாகையில் இருக்கிறது. திருச்சி விமான நிலையம் 10.76, 78.71. அகலாங்கில் வித்தியாசம் 0.97 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் வீதம் வடக்கு நோக்கி 108 கிலோமீற்றர். நெட்டாங்கில் வித்தியாசம் 1.36 பாகை. எங்கள் அகலாங்கில் ஒரு நெட்டாங்குப் பாகைக்கு 109 கிலோமீற்றர் சொச்சம் வரும். ஆகவே மேற்கு நோக்கி ஏறக்குறைய 149 கிலோமீற்றர். இந்த இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்தால் கர்ணம் 184. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் பைதகரசைக் கொண்டு இதைச் செய்துவிடும். என்னிடமுள்ள பழைய சுவர் வரைபடத்தில் கவராயத்தை விரித்து வைத்தும் பார்த்தேன். இருபது இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவுத்திட்டத்தில் ஒன்பது சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். கணக்கும் படமும் ஒத்துப்போகின்றன.

அப்படியானால் 300 எங்கிருந்து வந்தது? என் ஊகம், சென்னையின் தூரம் திருச்சியோடு கலந்துவிட்டது. பலாலியிலிருந்து சென்னை ஏறக்குறைய நேர் வடக்கே 356 கிலோமீற்றர். கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையம் நேர் தெற்கே 330 அளவில். எங்களுக்குத் தலைநகரும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே தூரம், திருச்சி அதில் பாதிக்குச் சற்றுக் கூட. மதுரை நேர் மேற்கே 217 கிலோமீற்றர். கவராயத்தின் முள்ளைப் பலாலியில் ஊன்றி ஒரு வட்டம் போட்டுப் பார்க்கும் எவருக்கும் இது புதினமாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டு வால்வ் வானொலியில் திருச்சி நிலையம் அயல் வீட்டில் பேசுவதுபோல் கேட்ட காலத்தில் எங்களுக்குப் படம் தேவைப்படவில்லை. கிட்ட இருக்கிறது என்று காதே சொன்னது.

மைல் பற்றியும் ஒரு வார்த்தை. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் கப்பல் விட்டபோது 60 மைல் என்று பலர் எழுதினார்கள். அது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர், தரை மைல் 1.609. அறுபதில் மட்டும் 15 கிலோமீற்றர் வித்தியாசம் வந்துவிடுகிறது. விமானிகளும் கடல் மைலில்தான் பேசுவார்கள். அவர்கள் கணக்கில் திருச்சி வெறும் 99. இதை யாராவது கேட்டுவிட்டு ‘99 மைல்’ என்று எழுதினால் இன்னொரு கடிதம் வரும் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

30 நிமிடம் எப்படி வந்தது என்றும் தேடினேன். பேரன் தன் கைப்பேசியில் இரண்டு ஊர்களின் பெயரைத் தட்டி, பறக்கும் நேரம் 44 நிமிடம் என்று காட்டினான். அதன் சூத்திரம் மிகவும் எளியது. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில் ஒரு ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்கிறது. ஏறவும் இறங்கவும் என்று அரை மணித்தியாலத்தைக் கூட்டிவிடுகிறது. 184 கிலோமீற்றருக்கு 14 நிமிடம், மேலே 30, மொத்தம் 44. உங்கள் நிருபர் அந்த 30 ஐ மட்டும் எடுத்துக்கொண்டாரோ என்னவோ. இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் இந்தச் சூத்திரம் ஓரளவு பொருந்தும். பலாலிக்குப் பொருந்தாது. ஏனென்றால் இங்கே வருவது ஜெட் அல்ல, காற்றாடி வைத்த ஏரிஆர் 72. எழுபது பேர் அளவில் ஏறலாம். ஆக விரைந்தால் மணிக்கு 500 கிலோமீற்றர். அந்த வேகத்தையும் இவ்வளவு சிறிய தூரத்தில் எட்டிப் பிடித்து நிலைத்து ஓட இடமில்லை. ஏறி முடிந்ததும் இறங்கத் தொடங்கிவிடுகிறது, கிணற்றடி வரை போவதற்கு மோட்டார் சைக்கிளை நாலாம் கியருக்கு மாற்றாததுபோல.

அதோடு விமானம் கவராயம் போட்ட கோட்டில் புறப்படுவதில்லை. பலாலி ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்காகக் கிடக்கிறது. யுத்த காலத்தில், அதாவது இரண்டாம் உலக யுத்த காலத்தில், அதைப் போட்ட வெள்ளைக்காரன் எங்கள் கடற்றொழிலாளரிடம் கேட்டுப் போட்டானோ என்று நினைக்கத் தோன்றும், அவ்வளவு சரியாக வாடை என்கிற வடகிழக்குக் காற்றுக்கும் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுக்கும் நேரே வைத்திருக்கிறான். விமானம் காற்றுக்கு எதிராகத்தான் ஏறும், எதிராகத்தான் இறங்கும். வாடைக் காலத்தில் வடகிழக்கே கடலை நோக்கி எழும்பி, இடப்பக்கம் திரும்பித் திருச்சித் திசை பிடிக்க வேண்டும். சோளகத்தில் தென்மேற்கே, எங்கள் மல்லாகத்துப் பக்கமாக எழும்பி வலப்பக்கம் திரும்ப வேண்டும். வரும்போது இன்னும் சுற்று. திருச்சியிலிருந்து தென்கிழக்காக வருகிற விமானம் சோளகத்தில் தென்மேற்கு முகமாக இறங்க வேண்டுமானால், குடாநாட்டைத் தாண்டுமளவுக்குக் கடற்பக்கம் போய்த் திரும்பி வரவேண்டும். ஆகவே போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்காது, ஆடியும் மார்கழியும் ஒன்றாக இருக்காது.

நேர அட்டவணையில் ஒரு மணித்தியாலம் அளவில் போட்டிருப்பது இதனால்தான். அந்த ஒரு மணித்தியாலம் சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை அல்ல. நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியதிலிருந்து மறுகரையில் நிற்கும் வரை.

இங்கே ஒரு பழைய கதை. 1996 இலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கையின் மணி இந்தியாவின் மணிக்கு முன்னால் ஓடியது, முதலில் ஒரு மணித்தியாலம், சில மாதங்களின் பின் அரை மணித்தியாலம். அந்தக் காலத்தில் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் ஒன்பது மணிக்கு ஏறி ஒரு மணித்தியாலம் பறந்தவர் திருச்சியில் இறங்கி அங்குள்ள மணிக்கூட்டைப் பார்த்தால் ஒன்பதரை. 30 நிமிடத்தில் திருச்சி! திரும்பும்போது ஒன்றரை மணித்தியாலம். (புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே இருந்தது, ஓமந்தையைக் கடந்தால் மணிக்கூட்டைத் திருப்ப வேண்டும், அது வேறு கதை.) இன்று இரு கரைக்கும் ஒரே மணி. கணக்குப் பிழைக்க அந்தச் சாக்கும் இல்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. என் அக்கா ஸ்ரீரங்கத்தில் இருக்கிறா. 1990 இல் பிள்ளைகளோடு கடல் கடந்து போனவ. 2016 ஆவணியில் ஒரு காலை அத்தான் போய்விட்டார் என்று அங்கிருந்து தொலைபேசி வந்தது. நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது, இரவு பஸ்களில் இடமில்லை. கடைசியில் சாரதிக்குப் பக்கத்துப் பலகையில் இருந்து கட்டுநாயக்கா போனேன். விடியற்காலையில் போய்ச் சேர்ந்தால் அடுத்த விமானத்தில் இடமில்லை, அதற்கடுத்ததில்தான் கிடைத்தது. வலப்பக்க ஜன்னலோரம் இருக்கை. மன்னார்க் கடலுக்கு மேலே போகும்போது கிழக்கே பார்த்தபடியே இருந்தேன். ஒரே மேகம். அந்த மேகத்துக்கு அப்பால் எங்கேயோ என் வீடு கிடந்தது. முதல் நாள் மாலையில் புறப்பட்ட இடத்துக்கு நேர் மேற்கே, நூறு கிலோமீற்றர் தள்ளி, ஒரு நாள் கழித்து வந்து நிற்கிறேன். தெற்கே தரையில் 350 கிலோமீற்றருக்கு மேல், திரும்ப வடக்கே வானில் 419. எப்படிக் குறைத்துக் கணக்கிட்டாலும் 750 ஐத் தாண்டும். போக வேண்டிய தூரத்தின் நான்கு மடங்கு. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அம்மா மண்டபப் படித்துறையில் காவிரியில் கரைத்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பி வந்திருந்தார்கள்.

அதனால்தான் 2019 ஒக்ரோபர் 17 இல் பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, நவம்பரில் சென்னை விமானம் இறங்கியபோது நான் தெல்லிப்பழை வரை சைக்கிளில் போய் நின்று பார்த்தேன். கொரோனா வந்து நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. புதிய விடயம் என்றும் சொல்ல முடியாது. ஏர் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 இல் இரத்மலானையில் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கித்தான் மதராஸ் போனது. 2025 மார்ச் 30 இல் திருச்சிச் சேவை தொடங்கியதும் அக்காவுக்குச் சொன்னேன்: இனி உங்கள் வீட்டுக்கு வரப் படம் வேண்டாம், பழையபடி காதே போதும் என்று.

அந்த ஆடியில் போனேன். மணிக்கூட்டைப் பார்த்து ஒவ்வொன்றையும் டயரியில் எழுதிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் புலனாய்வுக்காரன் என்று நினைத்திருக்கக்கூடும், இருக்கையைச் சற்று ஒதுக்கிக்கொண்டார். முற்பகல் 11.25 க்கு வீட்டுப் படலையைச் சாத்தினேன். மூன்று மணித்தியாலம் முன்னதாக வரச் சொல்லியிருந்தார்கள். ஓட்டோ இருபது நிமிடத்தில் கொண்டுபோய் விட்டது. மிச்சமெல்லாம் இருப்பு. என் ஒடியல் மாப் பொதியை இரண்டு இடத்தில் அவிழ்த்துப் பார்த்தார்கள், ஒருவர் மணந்தும் பார்த்தார். விமானத்துக்கு நடந்து போய்ப் பின் கதவால் ஏறினோம். பெட்டிகள் முன்பக்கத்தில் ஏறுகின்றன, நாங்கள் வால் பக்கத்தால். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே நன்றாகத் தெரியும். 3.02 க்கு நகர்ந்தது. 3.09 க்குச் சக்கரம் தரையை விட்டது. சோளகம் வீசிய நாள், சொன்னபடியே தென்மேற்காக எழும்பியது. கண் மூடி முழிப்பதற்குள் செம்பாட்டு மண், வாழைத் தோட்டம், பனை வரிசை. என் வீட்டுக் கூரையைத் தேடினேன், கோயில் கோபுரம்தான் அகப்பட்டது. பிறகு வலப்பக்கம் சாய்ந்து, கடல். தண்ணீர்ப் போத்தல் ஒன்று தந்தார்கள். அதைத் திறந்து குடித்து மூடுவதற்குள் காது அடைக்கத் தொடங்கிவிட்டது. 3.47 க்குத் திருச்சியில் தரை தொட்டது. வானில் இருந்தது 38 நிமிடம். 3.54 க்கு நின்றது. வெளியே வந்தது 4.35. அக்காவின் வாசலில் செருப்பைக் கழற்றியபோது 5.25.

ஆக ஆறு மணித்தியாலம். அதில் பறந்தது 38 நிமிடம். ஓட்டோவுக்கும் ஸ்ரீரங்கம் காருக்கும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. மற்றதெல்லாம் வரிசையில் நின்றதும் வாங்கில் இருந்ததும்.

இப்போது ஓடுபாதையை நீட்டி ஜெட் விமானம் விட்டால் திருச்சி இன்னும் கிட்ட வந்துவிடும் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள், உங்கள் பத்திரிகையும் அதை எழுதுகிறது. என் டயரியை வைத்துச் சொல்கிறேன், 184 கிலோமீற்றரில் ஜெட் மிச்சம் பிடிப்பது எட்டு நிமிடம், மிஞ்சினால் பத்து. தூர ஊர்களுக்கும் கூடுதல் ஆட்களுக்கும் பெரிய விமானம் தேவைப்படலாம், அதை அதற்குரிய கணக்கோடு பேசட்டும். திருச்சிக்கு விரைவாகப் போவதற்கு என்ற பெயரில், விமான நிலையத்தைச் சுற்றிக் கிடக்கும் வலிகாமம் வடக்கில் ஒரு பரப்புக் காணி கூட எடுக்கத் தேவையில்லை. 1990 இல் யுத்தத்தால் அங்கிருந்து எழும்பிப் போனவர்களில் இன்னும் சொந்தக் கிணற்றைப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். வயாவிளான் சந்தியிலிருந்து பலாலிச் சந்திக்குப் போகும் வீதி, இரண்டரைக் கிலோமீற்றர்தான், இராணுவ வலயத்துக்குள் 35 வருடம் பூட்டியிருந்து 2025 ஏப்ரலில் திறந்தது. அதுவும் அப்போது பகலில் மட்டும். கடலைத் தாண்டும் வான்வழி 2019 இலேயே திறந்த பிறகும், இந்த இரண்டரைக் கிலோமீற்றர் இருட்டினால் பூட்டித்தான் கிடந்தது.

குறைக்க வேண்டியது தரையில் கிடக்கும் ஐந்து மணித்தியாலத்தை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து விமான நேரத்துக்கு ஏற்ற பஸ் ஒன்று வேண்டும். எழுபது பேர் ஏறும் விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக வரச் சொல்வது ஏன் என்று யாராவது கேட்க வேண்டும். முந்நூறு பேர் ஏறும் விமானத்துக்கு வைத்த சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். இதை உங்கள் நிருபரே போய்க் கேட்டு எழுதலாம், தலைப்பை விடப் பிரயோசனமாக இருக்கும்.

திருத்தம் போடுவதானால் மூன்றாம் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடவும். வசனத்தையும் நானே எழுதித் தருகிறேன்: ‘பலாலி – திருச்சி நேர்த் தூரம் 184 கிலோமீற்றர். அட்டவணைப்படி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். இறங்கியபின் வெளியே வர இன்னொரு மணித்தியாலம் ஒதுக்கவும். அதன் பிறகே ரயில் டிக்கெட் எடுக்கவும்.’

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞன்,
மல்லாகம்.

பி.கு.: திரும்பி வந்தபோது வானில் 43 நிமிடம். அதே சோளகம். வடகடலுக்கு மேலே போய்ச் சுற்றித்தான் இறங்கினோம். ஐந்து நிமிடம் கூடிவிட்டதே என்று பக்கத்து இருக்கைக்காரர் சலித்துக்கொண்டார். அவரும் உங்கள் வாசகர்தான்.